தோற்ற கேப்டனின் ஓட்டு

எங்கள் பள்ளி ஃபுட்பால் மைதானத்தைப் பற்றி நம் பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலரில் பலர் எழுதிவிட்டார்கள். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு, பந்து சரிவில் இறங்கினால் அரை பீரியட் போச்சு. அதை மறுபடி எழுதப் போவதில்லை. அங்கே சிறந்த ஆட்டக்காரனை எங்கள் பி.டி. மாஸ்டர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்பதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

வீசிங் இருந்ததால் நான் டீமில் இல்லை. மாஸ்டர் என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்துக் கோட்டோரம் உட்கார வைத்தார். கோல் அடித்தவன் பெயருக்கு அந்த நோட்டில் இடமே கிடையாது. "அதுதான் ஊருக்கே தெரியுமேடா" என்பார். எழுத வேண்டியது ரெண்டே விஷயம்: கோலுக்கு முந்தின பாஸ் யாருடையது, பந்து பறிபோனதும் பின்னால் ஓடி வந்தது யார். பென்சிலில்தான் எழுத வேண்டும், சாரலில் மை நிற்காது.

ஜோனல் மேட்ச்கள் ஜூலை, ஆகஸ்டில் வரும். ஊட்டியில் அந்த மாதங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நடுக்கோட்டில் நின்றால் கோல் போஸ்ட் தெரியாது. மிஸ்ட் ரொம்ப இறங்கினால் ரெஃபரி ஆட்டத்தை நிறுத்துவார். லேசாக இருந்தால் ஆட வேண்டியதுதான். அந்த மாதிரி நேரத்தில் எங்கள் டீமுக்குக் கண் என்று இருந்தது ஸ்டாப்பரின், அதாவது பின்னால் நடுவில் நின்று தடுப்பவனின், தொண்டைதான். கொலக்கம்பைப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டுப் பையன். இந்த மேட்டிலிருந்து அந்த மேட்டுக்கு ஆளைக் கூப்பிட்டுப் பழகிய குரல். "லெஃப்ட்ல ஒருத்தன் வர்றான்!", "விடு, கீப்பர் பந்து!", "ஏறு, ஏறு, எல்லாரும் ஏறு!" என்று விசில் ஊதும் வரை கத்திக்கொண்டே இருப்பான். அந்த சீசனில் அவன் ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

ஒரு மேட்ச்சில் எங்கள் டீமின் கேத்தி ஊர்ப் பையன் ரெண்டு கோல் போட்டான், ஜெயித்தோம். எல்லாரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடும்போது மாஸ்டர் எதிர் டீம் உட்கார்ந்திருந்த பக்கம் போனார். எப்போதும் அப்படித்தான், நோட்டோடு நானும் பின்னால் போவேன். "தம்பி, எங்க பசங்கள்ல யாரு இன்னைக்கு லீவு போட்டிருந்தா உங்களுக்கு நல்லா இருந்திருக்கும்?" பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த கேப்டன் தலை நிமிராமல் சொன்னான்: "அந்தக் கத்திக்கிட்டே இருந்தவன்தான் சார். நாங்க எந்தப் பக்கம் போனாலும் முன்னாடியே சொல்லிடறான்."

பரிசு அந்த ஸ்டாப்பருக்குத்தான்: ஒரு பாக்கெட் வர்க்கி, எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட். டீமுக்குப் பங்கு வைத்தது போகப் பரிசு வாங்கியவன் கைக்கு ஒன்றோ ரெண்டோ வரும். கேத்திக்காரன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். "உனக்குக் கைதட்டுறதுக்குத்தான் மொத்தப் பள்ளிக்கூடமும் இருக்கே" என்றார் மாஸ்டர். அதற்கு மேல் சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

பெரிய போட்டிகளில் இதே விஷயம் எவ்வளவு தடுமாறுகிறது என்று அப்புறம்தான் பார்த்தேன். கால்பந்து உலகக் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து 1982இல் தொடங்கியது. முதலில் வாங்கியவர் இத்தாலியின் பாவ்லோ ரோஸ்ஸி. அதிக கோல் அடித்தவரும் அவரே, கோப்பையும் அவர் அணிக்கே. ஆனால் 1998 முதல் 2018 வரை ஆறு போட்டிகளில் ஒன்றில்கூட அந்த விருது கோப்பையை ஜெயித்த அணிக்குப் போகவில்லை. இதில் தப்பில்லை என்பது என் கட்சி. தோற்ற அணியிலும் நல்லவன் இருப்பான். 2002இல் ஜெர்மனியின் ஆலிவர் கானுக்குக் கொடுத்ததுதான் உறுத்தல். இறுதி ஆட்டம் வரை ஒரே ஒரு கோல் விட்ட கோல்கீப்பர், தகுதி இல்லை என்று யார் சொல்வார்கள்? ஆனால் பத்திரிகையாளர்கள் இறுதி ஆட்டத்துக்கு முன்பே ஓட்டுப் போட்டுவிட்டார்கள். ஆட்டத்தில் ரிவால்டோ அடித்த பந்து கான் கையிலிருந்து நழுவியது, ரொனால்டோ உள்ளே தள்ளினார், கோப்பை பிரேசிலுக்குப் போனது.

மாஸ்டர் கணக்குக்குச் சரியாகப் பொருந்துவது வாலிபாலில் நடந்தது. அதில் லிபெரோ என்று தடுப்பாட்டத்துக்கென்றே ஒருவர் உண்டு. அவர் வலையோரம் கை தூக்கிப் பந்தை மறிக்கும் பிளாக் செய்யக் கூடாது, வலைக்கு மேலே இருக்கும் பந்தை ஸ்மாஷ் அடிக்கவும் கூடாது. விழுகிற பந்தை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் பிரேசில் தங்கம் வாங்கியபோது மிக மதிப்புமிக்க ஆட்டக்காரராக அறிவிக்கப்பட்டவர் அவர்களுடைய லிபெரோ செர்ஜின்யோ. அப்போது அவருக்கு வயது 40.

சரி, இப்போது நம் விஷயம். சங்கத்தின் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஃபுட்பால் போட்டியில் எம்விபி, அதாவது மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் கோப்பைக்காக ஒவ்வொரு வருடமும் வாட்ஸ்அப் குழுவில் சண்டை நடக்கிறது. கோல் எண்ணிக்கையைப் பார்த்துக் கொடுப்பதாக இருந்தால் அதற்குக் கமிட்டி எதற்கு, ஸ்கோர் ஷீட்டே போதும். இந்த முறை தோற்ற கேப்டன்கள் அனைவரிடமும் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். கேள்வி மாஸ்டர் கேட்டதுதான். தன் டீம்காரன் பெயரை எழுதினால் செல்லாது. சீட்டை இறுதி ஆட்டம் முடிந்து கடைசி விசில் ஊதிய பிறகுதான் வாங்க வேண்டும். எண்ணுவதற்கு நான் வருகிறேன், ஆடத்தான் இப்பவும் முடியாது.