மெயில் சர்வர் நாட்குறிப்பு: இணைப்புகள் (அட்டாச்மென்ட்)

மார்ச் 3, திங்கள்

கணக்குப் பிரிவிலிருந்து போன். "சார், இன்வாய்ஸ்னு ஒரு ஜிப் வந்திருக்கு. உள்ளே இருக்கிற பிடிஎஃபோட ஐகான் வேற மாதிரி இருக்கு, திறக்கலாமா?" போய்ப் பார்த்தால் பெயர் .பிடிஎஃப்.ஜேஎஸ் என்று முடிகிறது. ஜேஎஸ் என்றால் திறந்ததுமே ஓடும் நிரல். தனக்குத் தெரிந்த கோப்பு வகை என்றால் பெயரின் கடைசி நீட்சியை, அதாவது புள்ளிக்குப் பின் வகையைச் சொல்லும் எழுத்துகளை, விண்டோஸ் மறைத்துவிடும். அவர் கண்ணுக்கு பிடிஎஃப் வரைதான் தெரிந்தது. 2000 மே மாதம் உலகைச் சுற்றிய ஐ லவ் யூ வைரஸும் .டிஎக்ஸ்டி.விபிஎஸ் என்று இப்படித்தான் வந்தது, விபிஎஸ்ஸும் நிரல்தான். நீட்சியை மறைக்கும் அந்த டீஃபால்ட் இன்னும் அப்படியே இருக்கிறது!

மாலையில், எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து விதி வைக்கும் குரூப் பாலிசியில் கைவைத்தேன். இனி எல்லாக் கணினியிலும் நீட்சி முழுதாகத் தெரியும். ஜேஎஸ், விபிஎஸ் கோப்புகளை டபுள் கிளிக் செய்தால் நோட்பேடில் புரியாத எழுத்துகளாக விரியும், ஓடாது.

மார்ச் 5, புதன்

"சந்தேகமான இணைப்பைத் திறக்காதீர்கள்னு ஒரு சர்க்குலர் போட்டுடுங்க" என்றார் மேலாளர். போட்டாயிற்று. மனிதவளப் பிரிவில் முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் பயோடேட்டாவைத் திறப்பதுதான் வேலையே. அவர்கள் எதைச் சந்தேகப்படுவது?

மார்ச் 11, செவ்வாய்

இணையத்திலிருந்து வரும் ஆபீஸ் கோப்புகளில் மேக்ரோவை (கோப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நிரல்) மைக்ரோசாஃப்ட் 2022-ல் தடுத்தது. வெளியிலிருந்து வந்த கோப்பு என்று விண்டோஸ் ஒட்டிவைக்கும் அடையாளத்தை வைத்துத்தான் அந்தத் தடை. உடனே வைரஸ் அனுப்பும் ஆசாமிகள், ஒரு சிடியையே ஒற்றைக் கோப்பாக்கும் ஐஎஸ்ஓவுக்குத் தாவினார்கள். அதற்குள் இருக்கும் கோப்புக்கு அந்த அடையாளம் அப்போது ஒட்டவில்லை. அந்த ஓட்டையை அதே வருடம் நவம்பரில் அடைத்ததும், 2023 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டின் குறிப்பேடான ஒன்நோட் கோப்புகள் வந்து குவிந்தன. தடைப் பட்டியலை நீட்டிக்கொண்டே போனால் நாம் எப்போதும் பின்னால்தான் ஓடுவோம்.

அதனால் தலைகீழாக்கிவிட்டேன். பிடிஎஃப், மேக்ரோ இல்லாத வேர்ட், எக்செல், படங்கள் மட்டும் உள்ளே. ஜிப் என்றால் பிரித்துப் பார்த்த பிறகு. மற்றதெல்லாம் குவாரண்டைன், அதாவது தனியே நிறுத்திவைப்பு. மெயிலை வாசலில் சோதிக்கும் கேட்வே, கோப்பின் பெயரை நம்பாது, முதல் பைட்டுகளைப் பார்க்கும். எம்இசட் என்று தொடங்கினால், பெயரில் என்ன எழுதியிருந்தாலும் அது எக்ஸ்இதான், அதாவது நேரடியாக ஓடும் நிரல்.

மார்ச் 13, வியாழன்

எதிர்பார்த்த சண்டை. வடிவமைப்புப் பிரிவின் ஆட்டோகேட் வரைபடங்கள் நின்றுவிட்டன. அவர்களுக்கு மட்டும் திறந்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

பாஸ்வேர்ட் போட்ட ஜிப் ஒன்று. பாஸ்வேர்ட் மெயிலிலேயே இருக்கிறது! மெயில் வழியே வைரஸ் பரப்பிய எமோடெட் கும்பலின் பழைய வழி. பூட்டியிருப்பதால் ஸ்கேனரால் உள்ளே பார்க்க முடியாது. ஆனால் சாதாரண ஜிப்பில் உள்ளடக்கம்தான் பூட்டப்படும், கோப்புப் பெயர்கள் வெளியே தெரியும். எக்ஸ்இயோ ஜேஎஸ்ஸோ அந்தப் பெயர்களில் இருந்தால் நேரே குப்பைக்கு. மற்ற பூட்டிய ஜிப்களை நிறுத்திவைத்து, அனுப்பியவருக்கு நம்மிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் போன் செய்து கேட்ட பிறகே விடுவிக்கிறோம். மெயிலில் கொடுத்திருக்கும் எண்ணில் அல்ல.

சட்டப் பிரிவுக்கு தினமும் இப்படிப் பூட்டிய ஜிப்தான் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் போன் போட முடியாது என்கிறார்கள், நியாயம்தான். கட்சிக்காரர்கள் நேராகக் கோப்பை ஏற்றுகிற மாதிரி லாகின் உள்ள பக்கம் ஒன்றை அமைக்கலாமா என்று நாளைக்கு அவர்களோடு பேச வேண்டும்.