சவர்க் கிணறு

பழைய மாணவர் சங்க மலர்க் குழுவிலிருந்து தம்பி ஒருவர் தொலைபேசியில் வந்து, “அண்ணை, கல்லூரியிலை படிச்சதை வைச்சு ஒரு கட்டுரை தாங்கோ” என்றார். பிக் மட்ச் கிரிக்கெட், அதிபரின் பிரம்பு, கன்ரீன் வடை எல்லாவற்றையும் முன்னைய மலர்களில் பலர் எழுதிவிட்டார்கள். நானும் எழுதினால் அதே வடை ஆறிப்போய்த்தான் வரும். ஆகவே கல்லூரியில் படிக்காத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். தொடங்கிய இடம் மட்டும் கல்லூரிதான்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாதகல் பக்கம். ஒரே காணியில் இரண்டு கிணறுகள். வீட்டுக் கிணற்றுத் தண்ணியில் தேத்தண்ணி போட்டால் தனி ருசி. கடல் பக்கமாக இருந்த தோட்டக் கிணறு வேறு மாதிரி. விடியற்காலையில் இறைத்தால் பரவாயில்லை. மிசின் பூட்டி மத்தியானம் வரை இறைத்தால் வாயில் வைக்க முடியாத சவர். இரவு படுத்து எழும்பினால் மறுபடி குடிக்கலாம் போல இருக்கும். ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஏன் என்று கேட்டால், “கடல் கிட்ட, அதாலைதான்” என்பார் அப்பா. எனக்கு அது போதவில்லை. மூன்று பக்கமும் கடல், நிலமோ ஓட்டையும் வெடிப்புமான சுண்ணாம்புக்கல். அப்படியென்றால் எல்லாக் கிணறும் அல்லவா உவர்க்க வேண்டும்? வீட்டுக் கிணற்றை யார் காப்பாற்றினார்கள்?

வகுப்பில் இதற்கு இடமில்லை. வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாட்டில் இருந்துகொண்டு நைல் நதியின் கிளையாறுகளைப் பாடமாக்கிக்கொண்டிருந்தோம். மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழும் வழுக்கியாறு எங்கள் குறிப்புக் கொப்பியில் ஒரு வரி. சோதனைக்கு வராது என்பதால் அந்த வரியையும் பலர் எழுதவில்லை.

ஆசிரியர்களைப் பற்றி நன்றியோடு எழுதுவது வழக்கம். நான் நன்றி சொல்ல வேண்டியவர் இரசாயன ஆய்வுகூட உதவியாளர். இரண்டு போத்தல்களில் தண்ணியோடு ஒருநாள் பின்நேரம் ஆய்வுகூட வாசலில் நின்றேன்.

“என்ன தம்பி, போத்திலோட திரியிறாய்?”

“ரெண்டு கிணத்துத் தண்ணி அண்ணை. உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு பார்க்க வேணும்.”

அவர் சிரிக்கவில்லை. இரண்டு பீங்கான் கிண்ணங்களை எடுத்து, ஒரே அளவு அளந்து ஊற்றி, அடுப்பில் வற்ற வைத்தார். வீட்டுக் கிணற்றுத் தண்ணி வற்றிய கிண்ணத்தில் மெல்லிய வெள்ளைப் படை. அதன்மேல் ஐதான அமிலம் ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தது. மற்றதில் தடிப்பான சாம்பல் நிற உப்பு. அதை அப்படியே மூடாமல் வைத்துவிட்டுப் போனோம். அடுத்த நாள் காலையில் அது காற்றிலிருந்து ஈரம் இழுத்துப் பிசுபிசுத்துக் கிடந்தது. “இது கடல் உப்பு தம்பி, மக்னீசியம் இருக்கு, அதுதான் கசியுது” என்றார். பிறகு மெதுவாக, “நாளைக்கு என்ரை வீட்டுத் தண்ணியும் கொண்டுவாறன், பார்ப்பம்” என்றார். எங்கள் கல்லூரியில் நான் கண்ட முதல் ஆராய்ச்சிக் கூட்டம் அது.

அப்புறம் தோட்டக் கிணற்றின் உட்சுவரில், வகுப்பிலிருந்து கொண்டுபோன வெண்கட்டியால் நீர்மட்டத்துக்குக் கோடு போட ஆரம்பித்தேன். இறைக்காத நாளிலும் மட்டம் ஏறி இறங்கியது. விரற்கடை அளவுதான், ஆனால் ஏறி இறங்கியது. கடற்கரைக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் அங்கும் அதே கதை. கடல் ஏறிக் கொஞ்சம் பிந்திக் கிணறும் ஏறுகிறது. அப்படியென்றால் கடலுக்கும் கிணற்றுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் கடல்நீர் உள்ளே வரவில்லை. இந்தக் குழப்பத்தோடு எங்கே போவது? யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஜூன் தொடக்கத்திலேயே எரிந்து முடிந்திருந்தது. சுமார் 97,000 நூல்கள் என்பார்கள். என் கேள்விக்கு அங்கே பதில் இருந்ததோ என்னவோ, தேடிப் பார்க்க ஓர் இடம் இல்லாமல் போனது.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கும் நடந்ததுதான். இலண்டன் வந்தேன், பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. கேள்வி மறந்துபோயிருந்தது என்றே சொல்லலாம். அதைத் திரும்ப எழுப்பியது கேத்தல். வாடகை அறையில் இருந்த கேத்தலின் அடியில் வெள்ளைப் படை. ஊரில் அம்மா கரண்டியால் சுரண்டுவாரே, அதே படை. தேசிக்காய்ப் புளி விட்டால் அதே நுரை. எட்டாயிரம் கிலோமீற்றர் தள்ளி வந்தும் தண்ணியில் அதே கல்லா என்று ஆச்சரியம். ஓ. எல். சோதனைக்காகப் பாடமாக்கிய சமன்பாடு ஒன்று உண்டு: கல்சியம் காபனேற்று, நீர், காபனீரொட்சைட்டு சேர்ந்து கல்சியம் இருகாபனேற்று. நித்திரையிலும் சொல்வேன். அது மழைநீர் பாறையைக் கரைப்பதைச் சொல்கிறது, சூடாக்கினால் திரும்பி நடந்து கேத்தலில் படிகிறது என்பது அந்த அறையில்தான் எனக்கு விளங்கியது.

பக்கத்து நூலகத்துக்குப் போனேன். மாநகரசபை நூலகம்தான், பெரிய இடமல்ல. நிலத்தடி நீரைப் பற்றி ஏதாவது வேண்டும் என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டதும், அங்கிருந்த அம்மா வேறு நூலகத்திலிருந்து ஒரு தடித்த பாடநூலை வரவழைத்துத் தந்தார். பாதி விளங்கவில்லை. ஆனால் ஒரு படம் இருந்தது. கடலுக்கு நடுவே ஒரு தீவைக் குறுக்காக வெட்டிக் காட்டிய படம். தீவுக்கு அடியில், இரண்டு பக்கமும் மெலிந்து நடுவில் தடித்த ஒரு வில்லை. நன்னீர். அதைச் சுற்றியும் கீழேயும் உப்புநீர். இரவு வேலைக்கு அந்தப் புத்தகத்தையும் கொண்டுபோனேன். வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தின் நடுவில் எங்கள் வீட்டுக் கிணறு, ஓரத்தில் தோட்டக் கிணறு.

கணக்கு எளிது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. ஆகவே மாரி மழை கல்லுக்குள் இறங்கும்போது கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும். இதை மறுபக்கமாகப் பாருங்கள். மிசின் போட்டு மேல்மட்டத்தை ஓர் அடி குறைத்தால், கீழேயிருந்து உப்புநீர் 40 அடிவரை மேலெழும்பப் பார்க்கும். உடனே அல்ல, ஆனால் எழும்பும். வில்லை மெலிந்திருக்கும் கரைப்பக்கத்தில் மத்தியானத்துக்கே வந்துவிடும். துலா மிதித்த காலத்தில் வராதது மிசின் காலத்தில் வந்ததற்கும் இதுதான் காரணம். உண்மையில் நன்னீரும் உப்புநீரும் கோடு கிழித்தாற்போலப் பிரிந்து நிற்பதில்லை, நடுவில் கலந்த ஒரு படை உண்டு. எங்கள் கல்லின் வெடிப்புகள் கணக்கை இன்னும் குழப்பும். ஆனாலும் என் வெண்கட்டிக் கோடுகளுக்கு இதுவே பதில். கடல் உள்ளே வராமல், வில்லையைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது.

இந்த விதிக்குக் கைபன்–ஹெர்ஸ்பேர்க் என்று பெயர். நெதர்லாந்து இராணுவப் பொறியியலாளர் பாடொன் கைபன் 1880களின் கடைசியில் எழுதினார். ஹெர்ஸ்பேர்க் என்ற ஜெர்மானியர் வடகடல் தீவான நோர்டர்னேயின் கிணறுகளைப் பார்த்து 1901 இல் எழுதினார். இரண்டு பேருக்கும் முன்னரே, 1828 இல், யோசெப் டுகொம்மன் என்பவர் அமெரிக்காவில் இதைச் சொல்லியிருக்கிறார். அவர் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் பிரெஞ்சு மொழி ஆசிரியர்! அவருக்கு ஏன் இந்த வேலை என்று யாரும் கேட்டிருப்பார்கள்தானே. எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடிக்கும்.

ஒரு கேள்வி இன்னொன்றை இழுத்து வரும். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றில் தேசிக்காய் போட்டால் எங்கோ தள்ளியிருக்கும் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று ஆச்சி சொல்வார். நிலாவரைக்கு அடியே இல்லை என்றும் சொல்வார்கள். சிறுவயதில் நம்பினேன், வாலிபத்தில் மூடநம்பிக்கை என்றேன். பிறகு ஜெர்மனியில் 1877 இல் நடந்ததைப் படித்தேன். இம்மெண்டிங்கன் ஊருக்கருகே டனூப் நதியின் நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் மறைந்துவிடும். அது எங்கே போகிறது என்று அறிய அடொல்ஃப் க்னொப் என்ற பேராசிரியர் அதில் உப்பும் எண்ணெயும் 10 கிலோ பச்சைச் சாயமும் கொட்டினார். சுமார் 60 மணித்தியாலத்தின் பின், 12 கிலோமீற்றர் தள்ளி ஆக் ஊற்றில் தண்ணீர் பச்சையாக வந்தது. ஆச்சியின் தேசிக்காயும் அதே சோதனைதான். செய்து பார்த்தவர் யார் என்பதுதான் தெரியாது. நிலாவரை அடியில்லாக் கிணறு அல்ல, ஆழம் போகப்போக உப்புக் கரிக்கும். ஆனால் கல்லுக்குள் வழிகள் இருக்கின்றன என்பதை ஆச்சிமார் விளங்கித்தான் வைத்திருந்தார்கள்.

கல்லுக்குப் போனால் வில்லியம் சிமித்தைத் தவிர்க்க முடியாது. 1769 இல் பிறந்த கொல்லன் மகன். பல்கலைக்கழகம் போகாதவர். நில அளவையாளராகக் கால்வாய் வெட்டும் இடங்களில் திரிந்தபோது, ஒவ்வொரு பாறைப் படைக்கும் உரிய, கல்லாகிப்போன சிப்பிகள் வேறு வேறு என்று கண்டார். அதை வைத்தே 1815 இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்குமான நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். நாலு வருடம் கழித்துக் கடனுக்காகச் சிறை. இலண்டன் பிக்கடிலியில் பேர்லிங்ரன் மாளிகையில், நிலவியல் சங்கத்தின் வாசலுக்குள் அந்த வரைபடத்தின் பிரதி ஒன்று வெளிச்சம் படாமல் திரை போட்டுத் தொங்குகிறது. ஆள் உயரத்தையும் தாண்டியது. ஒருமுறை போய்ப் பாருங்கள். சுண்ணப்பாறையின் பச்சைப் பட்டை தென் இங்கிலாந்தில் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு, அப்படியே தென் இலண்டனில் உள்ள கார்ஷல்டன் குளங்களுக்குப் போகலாம். அந்தப் பாறையிலிருந்து ஊற்றெடுத்த குளங்கள், வாண்டில் ஆறு தொடங்கும் இடங்களில் ஒன்று. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்ததால் அவையும் வற்றிப்போன காலம் உண்டு. ரூட்டிங்கில் மரக்கறி வாங்கப் போகும் எம்மவர் பலருக்கு அந்த ஆறு தெரிந்திருக்கும், கிணற்றோடு அதற்கிருக்கும் உறவு தெரிந்திருக்காது.

யுத்தம் முடிந்து ஊருக்குப் போனபோது கிணறு வெட்டும் முதியவர் ஒருவரோடு ஒரு முழுப் பகல் இருந்தேன். புத்தகத்தில் படித்ததை நான் விளங்கப்படுத்த, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஓம் தம்பி, ஊத்துக் கண் கண்டவுடனை நிப்பாட்ட வேணும். ஆசைப்பட்டு ஆழமாக்கினா சவர்தான் வரும்” என்றார். நான் இருபது வருடம் சுற்றி வந்த இடத்தில் அவர் முதலிலேயே நின்றார். ஆனால் அவருக்கும் புதிதான ஒன்று இருந்தது: நைத்திரேற்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் யூரியாவும், கிணற்றுக்குப் பக்கத்தில் வெட்டும் மலசலகூடக் குழியும் அதே கல்வெடிப்புகள் வழியே கிணற்றுக்கு வருகின்றன. நிறமில்லை, மணமில்லை, ருசியும் காட்டாது. உலக சுகாதார அமைப்பின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். யாழ்ப்பாணக் கிணறுகளில் பல இந்த எல்லையைத் தாண்டுகின்றன என்று 1980களிலிருந்தே ஆய்வுகள் வந்திருக்கின்றன. நான் கொண்டுபோன சோதனைக் கீலத்தை அவருடைய கிணற்றுத் தண்ணியில் நனைத்துக் காட்டினேன். நிறம் மாறியதைப் பார்த்து நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேரப்பிள்ளைக்குப் பால் கரைக்கும் தண்ணியை எங்கே எடுப்பது என்று கேட்டார்.

சங்கக் கூட்டங்களில் கல்வி என்றால் நாங்கள் பேசுவது பெறுபேறுதான். எத்தனை ஏ, எத்தனை பேர் மருத்துவபீடம். ஊரில் ரியூசன், இங்கே சனிக்கிழமை ரியூசன். எனக்கு அதில் கோபமில்லை, அந்த ஏணியில் ஏறித்தான் பல குடும்பங்கள் கரை சேர்ந்தன. ஆனால் கடந்தகால வினாத்தாளில் இருக்கிற கேள்வி எல்லாமே வேறு யாரோ கேட்டவை. என் மகள் எட்டு வயதில், “பெருவிரல் ஏன் தண்ணிக்குள்ளை சுருங்குது?” என்று கேட்டபோது நான் உடனே பதில் சொல்லாமல் விட்டேன். கொஞ்ச நாள் குளியலறையில் வாளிகளும் மணிக்கூடுமாகக் கிடந்தது. மனைவிக்கு என்மேல் கோபம், நியாயமான கோபம்தான். வீட்டில் ஒரு கேள்வி இருந்தால் இடமும் கொஞ்சம் அலங்கோலமாகும். ஊர் ஆய்வுகூடத்துக்குப் பழைய மாணவர்கள் கணினி வாங்கிக் கொடுப்பது நல்ல காரியம். பின்நேரம் கதவைத் திறந்து வைத்திருக்க ஒரு உதவியாளருக்குச் சம்பளமும் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். குழு யோசிக்கட்டும்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஹெர்ஸ்பேர்க் 1901 இல் எழுதிய கட்டுரை, எரிவாயு விளக்குகளுக்கும் நீர் விநியோகத்துக்குமான ஒரு ஜெர்மன் சஞ்சிகையில் வந்தது. அதன் பிரதி கிடைத்திருக்கிறது. அகராதியை வைத்துக்கொண்டு ஜெர்மன் படிக்கிறேன். “அப்பா, இதை ஆங்கிலத்திலை யாரும் எழுதியிருப்பினம்தானே” என்கிறாள் மகள். எழுதியிருப்பார்கள். ஆனாலும் நோர்டர்னேக் கிணற்றை அந்த மனிதர் தன் வாயால் சொல்வதைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. இன்னும் பாதி தாண்டவில்லை. நீண்ட வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் வந்து நிற்கிறது. அந்த ஒன்றிலாவது எனக்குச் சிரமமில்லை.