ஓகியில் விழுந்த அயனியும் கால் இற்ற வேலியும்

2017 நவம்பர் 30 அன்று ஓகிப் புயல் அடித்ததில், கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் இருக்கிற எங்கள் விளையில் (தோப்பில்) ஒரு பெரிய அயனி மரம் (அயினிப்பலா) வேரோடு சாய்ந்தது. மாவட்டம் முழுக்க ரப்பரும் தென்னையும் தேக்கும் விழுந்து கிடந்த நேரம் அது. வந்த விலைக்குத் தள்ளிவிடாமல் மில்லில் கொடுத்து அறுத்து, நன்றாகக் காயப்போட்டு, வீட்டின் முன்பக்கமும் கிழக்குப் பக்கமும் வேலி போட்டோம். நாலுக்கு நாலு இஞ்சில் கால்கள், மேலும் கீழுமாக இரண்டு குறுக்குச் சட்டம், அதில் நாலு இஞ்சு அகலப் பலகைகள் நெட்டுக்குத்தாக. மொத்தம் அறுபது அடிக்குக் கொஞ்சம் மேலே வரும்.

போன வருட மழை முடிந்தபோது வேலி ரோட்டுப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. பலகைகள் சாம்பல் நிறம், கீழ்ப்பகுதியில் பச்சைப் பாசி, ஆணி இருந்த இடமெல்லாம் கருப்பாக வழிந்த கறை. இதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு காம்பவுண்ட் சுவர் கட்டலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. நியாயமான பேச்சுதான். ஆனால் சாய்ந்த வேலியெல்லாம் இற்றுப்போன வேலி இல்லை. எது போயிற்று, எது இருக்கிறது என்று பார்க்காமல் முடிவெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும் போதும். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் 'டங்' என்று கேட்கும். உள்ளே இற்றுப்போனது பொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்த வேண்டும். இப்படிப் பார்த்துக்கொண்டே போனதில் பலகைகளும் சட்டங்களும் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. கால்களும் ஒரே ஒரு இடத்தைத் தவிர நன்றாக இருந்தன. அந்த ஒரு இடம் மண்மட்டம்.

ஒரு காலை முழுசாகத் தோண்டி எடுத்தேன். மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இரும்பு மாதிரி நிற்கிறது. மண்மட்டத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் ஈரப்பஞ்சு போல உள்ளே போகிறது. விண்டு பார்த்தால் வெள்ளை நூலாகப் பூஞ்சை, அதற்குள் சிதல் (கரையான்) போன வழி. வேடிக்கை என்னவென்றால், அதற்கும் கீழே, ஒன்றரை அடி ஆழத்தில் இருந்த நுனி மறுபடி கெட்டியாக இருந்தது. யோசித்தால் இது சரிதான். மரத்தை இற்றுப்போக வைக்கிற பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். மேலே காற்று உண்டு, ஈரம் நிற்காது. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் மண்மட்டத்துக்கு மேலும் கீழுமாகச் சில இஞ்சுதான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்குகிற நம் மாவட்டத்தில் அந்தச் சில இஞ்சு வருடத்தில் பாதி நாள் நனைந்தே கிடக்கிறது.

போதாததற்கு, வேலி போட்டவர்கள் கால்களைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றியிருந்தார்கள். கேட்க உறுதியாக இருக்கும். ஆனால் மரம் காய்ந்து சுருங்கும்போது கான்கிரீட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழும். மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி நிற்கும். கல்லுக்கு அது பிரச்சினை இல்லை, மரத்துக்கு அது சமாதி.

அயனி நல்ல மரமாயிற்றே, வள்ளம் (படகு) கட்டுகிற மரமாயிற்றே என்று கேட்பீர்கள். உண்மைதான், அதன் வைரம், அதாவது நடுவில் இருக்கிற கெட்டியான மரம், லேசில் போகாது. ஆனால் எந்த மரமானாலும், வைரத்தைச் சுற்றி வெளியே இருக்கிற வெளிறிய மரத்துக்கு, நாங்கள் வெள்ளை என்போம், ஆயுசு கிடையாது. இற்றுப்போன கால்களை அறுத்துப் பார்த்தால், மோசமாகப் போனவற்றில் எல்லாம் ஒரு மூலையாவது வெள்ளையாக இருந்தது. முழுக்க வைரமாக அமைந்த இரண்டு கால்கள் அதே கான்கிரீட்டுக்குள் நின்றும் பெரிய சேதமில்லாமல் இருந்தன. வடக்கு மூலையில் எப்போதோ சில பலகைகளுக்குப் பதிலாக ரப்பர் மரம் அடித்திருந்தோம். அது கையில் மாவாக வந்தது. ரப்பர் தடியில் மாவுச்சத்து அதிகம், துளைக்கிற வண்டுக்குக் கொண்டாட்டம். வெட்டிய கையோடு மருந்து ஏற்றாத ரப்பர் தடியை வெளியே போடவே கூடாது.

வேலிக் காலை எப்படி மாற்றுவது என்று எங்கள் பக்கத்து மூத்தாசாரியிடம் (தலைமைத் தச்சரிடம்) கேட்டேன். அவர் வேலியைப் பார்க்கக்கூட இல்லை.

"மக்களே, மரத்த மண்ணில நிறுத்தப்பிடாது கேட்டியா. பப்பநாபபுரம் கொட்டாரத்துக்குப் போயிருக்கியல்லா? அங்க தூண் எதுல நிக்கி?"

"கல்லுல, மூத்தாசாரி."

"பின்ன?"

பத்மநாபபுரம் அரண்மனையைத்தான் சொன்னார். அவ்வளவுதான் ஆலோசனை. காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் நான் போட்ட திட்டம் இது. கால்களைப் பிடுங்கி, இற்ற பகுதியை அறுத்துத் தள்ளிவிட்டு, மிச்சமுள்ள நல்ல மரத்தைக் குத்துக்கல்லில் போல்ட் போட்டுக் கட்டுவது. புதுக் கால் வாங்கத் தேவையில்லை. கல்லுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமும் இல்லை. மயிலாடியில் சிலையே செதுக்குகிறார்கள். எனக்கு வேண்டியது அழகே தேவைப்படாத கல். நாலு அடி நீளம், ஐந்து இஞ்சு கனம் என்று சொல்லி, மேல்பாதியில் ஒன்பது இஞ்சு இடைவெளியில் இரண்டு துளையும் போட்டே வாங்கிக்கொண்டேன். வீட்டு டிரில்லை வைத்துக் கருங்கல்லில் துளை போடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போடலாம்தான், ஆனால் ஒரு துளை முடிவதற்குள் பிட் மழுங்கி, மோட்டார் சூடாகி, மனுசனுக்கும் கோபம் வந்துவிடும். அதற்கென்று மெஷின் வைத்திருப்பவர்கள் செய்யட்டும்.

கல்லில் பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. குழியில் முதலில் சல்லி போட்டு, கல்லை இறக்கி, தூக்குக்குண்டு பிடித்து நேராக்கி, சல்லியும் செம்மண்ணுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பாரைக்கம்பியின் தலையால் இடித்தேன். ஒரே மூச்சில் குழியை மூடிவிட்டு மேலே மட்டும் இடித்தால் கல் ஆடும். மூலைக் கல்லுக்கும் கேட் பக்கக் கல்லுக்கும் மட்டும் கான்கிரீட். முதலில் இரண்டு ஓரக் கல்லையும் நட்டு, நூல் கட்டி, நடுவில் உள்ளவற்றை நூலுக்கு ஒட்டி நிறுத்தினால் வரிசை தானாக வந்துவிடும்.

மரக்காலின் அடி மண்ணிலிருந்து மூன்று இஞ்சு மேலே நிற்கிறது. கல்லும் மரமும் ஒன்றோடொன்று ஒட்டாதபடி நடுவில் வாஷர்கள் கொடுத்தேன். அந்தச் சிறு இடைவெளியில் காற்று போய்வரும், தண்ணீர் தேங்காது. சிதல் வந்தாலும் இனிமேல் கல்லின் மேல் மண்கோடு கட்டித்தான் ஏற வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். முன்பு மண்ணுக்குள்ளேயே நேராக மரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. கிணறு பக்கத்தில் இருப்பதால் சிதல் மருந்து ஊற்றுகிற எண்ணம் எனக்கு எப்போதுமே இல்லை.

போல்ட், வாஷர், ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ். பழைய வேலியில் சாதாரண இரும்பு ஆணி. உப்புக்காற்றில் தலை அரித்துப்போய், பிடுங்கினால் பாதி ஆணி மரத்திலேயே தங்கியது. அயனியில் இருக்கிற துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்துதான் அந்தக் கருப்புக் கறை. ஸ்டெயின்லெஸ்ஸிலும் 304, 316 என்று இரண்டு தரம் கடையில் சொல்வார்கள். கடற்கரையை ஒட்டி வீடு என்றால் 316 வாங்குங்கள், விலை கூடுதல்தான். எங்களுக்குக் கடல் சற்றுத் தள்ளி என்பதால் 304-இல் நிறுத்திக்கொண்டேன்.

பலகை வேலைதான் இதில் ருசியான பகுதி. பாசியைத் தண்ணீரும் தேங்காய் நார் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்தேன். பிரஷர் வாஷர் இருக்கிறதே என்று நண்பர் கொண்டுவந்தார். அது மரத்தின் மென்மையான ரேகையைக் கீறிப் பிசிறாக்கிவிடும், வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தேன். ஆணிக்கறைக்கு ஆக்ஸாலிக் ஆசிட்டைத் தண்ணீரில் கரைத்துக் கையுறை போட்டுக்கொண்டு பூசி, கொஞ்ச நேரம் கழித்துக் கழுவினேன். கருப்பு கண்ணெதிரே வெளிறியது. அந்தச் சாம்பல் நிறம் வெயில் செய்த வேலை, மேல்தோலில் மட்டும்தான். மரம் இழைக்கிற இழைப்புளியை ஒரு பலகையில் இரண்டு தடவை தள்ளியதும் சாம்பல் சுருளாக விழுந்து, அடியில் புதிதாக அறுத்தது போல அதே மஞ்சள். கல்யாண வீட்டுக்கு வந்தது போல அக்கம்பக்கத்தார் எல்லாம் ஒரு தடவை வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எல்லாப் பலகையையும் இழைக்கவில்லை. ரோட்டைப் பார்க்கிற முகத்தை மட்டும் இழைத்தேன். முதுகு சாம்பலாகவே இருக்கட்டும், அதனால் மரத்துக்கு ஒன்றும் குறையில்லை.

தலையைத்தான் கவனிக்க வேண்டும். மரத்தின் குறுக்குவெட்டு முகம் பக்கவாட்டை விடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். முன்பு பலகைத் தலைகள் தட்டையாக இருந்தன, அதனால் அங்கும் கொஞ்சம் இற்றிருந்தது. ஒரு இஞ்சு குறைத்துச் சரிவாக வெட்டினேன். வெட்டிய முகங்களில் போராக்ஸும் போரிக் பவுடரும் வெந்நீரில் கரைத்து, உறிஞ்ச உறிஞ்சப் பூசினேன். போரிக் பவுடர் என்றால் கேரம் போர்டில் தூவுகிறோமே, அதேதான். பூஞ்சைக்கும் வண்டுக்கும் அது ஆகாது. ஆனால் மழையில் கரைந்து ஓடிவிடும், அதனால் காய்ந்த பிறகு மேலே எண்ணெய் கட்டாயம்.

என்ன எண்ணெய் என்பதில் ஆளுக்கொரு கட்சி. ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கிற பழைய எஞ்சின் ஆயில் சும்மா கிடைக்குமே என்றார்கள். அதில் உள்ள கழிவெல்லாம் மழையோடு கிணற்றுக்கு வரும், எனக்கு வேண்டாம். பெயின்ட்டும் வேண்டாம், ஒரு இடத்தில் விரிசல் விட்டால் போதும், உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. நான் எடுத்தது அண்டித்தோட்டு எண்ணெய், அதாவது முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கிற எண்ணெய். அண்டி ஆபீஸ்கள் (முந்திரி ஆலைகள்) இருக்கிற ஊரில் அது கிடைப்பது கஷ்டமில்லை. மண்ணெண்ணெய் கலந்து இளக்கி, மெல்லிசாக இரண்டு தடவை பூசினேன். கவனம்: தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். முழுக்கை சட்டை, நல்ல ரப்பர் கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது. காயவும் நாளெடுக்கும், அதுவரை பிள்ளைகளைக் கிட்ட விடக்கூடாது. நிறம் கடும் பழுப்பாகிவிடும். இழைத்து எடுத்த மஞ்சள் போய்விட்டதே என்று வீட்டில் வருத்தப்பட்டார்கள். எனக்கு அந்தப் பழுப்புதான் பிடித்திருக்கிறது.

இந்த வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் காலம். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பூஞ்சை வேலையை நிறுத்திவிடும், எண்ணெயும் நன்றாக இறங்கும். மழை நேரத்தில் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிற மாதிரி ஆகும்.

அதே காலம் ரப்பர் தளிர் விட்டுத் தேன் வரத்தாகிற காலமும். அறுத்துத் தள்ளிய துண்டுகளில் நல்லவற்றைச் சேர்த்து ஒரு தேன்பெட்டி தட்டினேன். மருந்தோ எண்ணெயோ படாத துண்டுகள் மட்டும், அதில் கண்டிப்பாக இருந்தேன். மிச்சத்தில் பெட்டிக்கு ஸ்டாண்ட். எறும்பு ஏறாமலிருக்க அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும், அதனால் அந்தக் கால்கள் மட்டும் பைப். இற்ற துண்டுகள் அடுப்புக்குப் போயின.

வேலியில் முன்பு படர்ந்திருந்த சங்குப்பூவை இனி அதில் ஏற்றுவதாக இல்லை. கொடி மூடினால் பலகை காய்வதே கிடையாது. அதற்குத் தனியாகக் கம்பி கட்டிக் கொடுத்தாயிற்று. கேட் இன்னும் பாக்கி. கீல் பக்கக் கால் முழு எடையையும் தாங்க வேண்டும் என்பதால் நாலடிக் குத்துக்கல் போதாது, ஆறடிக் கல்லே நட வேண்டும். ஆறடிக் கல்லை வாசலில் கொண்டுவந்து இறக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.