குன்னூரில் கார் ஏசி கம்ப்ரஸரை மாற்றிய அனுபவம்

நீலகிரியில் கார் வைத்திருப்பவர்கள் ஏசியின் அருமையை வெயில் காலத்தில் உணர்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியாருக்கு மேலே மூடுபனி இறங்கி, முகப்புக் கண்ணாடியின் உட்புறம் ஆவி படர்ந்து, எதிரே வரும் பேருந்தின் விளக்குகூடக் கலங்கித் தெரியும்போதுதான் உணர்கிறார்கள். உள்ளிருக்கும் ஈரக் காற்று கூலிங் காயிலைத் தொட்டதும் அதன் ஈரம் நீராகப் படிந்து வடிந்துவிடுகிறது. அப்படி உலர்ந்த காற்றை ஹீட்டர் வழியே சூடாக்கிக் கண்ணாடியின் மேல் செலுத்தினால் ஆவி விரைவில் விலகுகிறது. எனவே கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுபவருக்கு ஏசியின் குளிரூட்டும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் பிரேக்குக்கு அடுத்தபடியான பாதுகாப்புச் சாதனம் என்றே நான் கருதுகிறேன்.

எங்கள் வீட்டுச் சிறிய பெட்ரோல் காரில் அது ஓசை எழுப்பத் தொடங்கியபோது, குன்னூரில் நெடுங்காலமாக ஏசி வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். அவர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, கீழ ஓடி ஓடித் தேயும், இங்க ஓடாமலே கெடும்" என்றார். கம்ப்ரஸருக்கான எண்ணெய் கேஸுடன் கலந்தே சுற்றி வருகிறது. மாதக்கணக்கில் ஏசியைப் போடாமல் விட்டால் கம்ப்ரஸர் தண்டின் முனையிலுள்ள சீல் எண்ணெய் இல்லாமல் காய்ந்து இறுகி, அதன் வழியே கேஸும் எண்ணெயும் சிறிது சிறிதாகக் கசியும். எங்கள் வண்டியிலும், கம்ப்ரஸரை பெல்ட்டின் சுழற்சியோடு இணைக்கும் கிளட்ச் தட்டின் பின்னால் எண்ணெயும் சாலைப் புழுதியும் கலந்த கரிய வளையம் படிந்திருந்தது. விரலால் தொட்டால் பிசின்போல் ஒட்டியது. சீலை மட்டும் மாற்றலாம் என்றாலும் பேரிங்கும் ஓசை தந்ததால் கம்ப்ரஸரையே மாற்ற முடிவு செய்தோம்.

எஞ்சியிருந்த கேஸை முதலில் இயந்திரம் வைத்துச் சிலிண்டரில் உறிஞ்சி எடுத்தோம். எங்கள் வண்டியிலுள்ள ஆர் 134ஏ என்ற கேஸ் ஓசோன் படலத்துக்குத் தீங்கு செய்யாது. 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு பழைய ஆர் 12 கேஸுக்குப் பதிலாக இது கார்களுக்கு வந்ததற்கு அதுவே காரணம். ஆனால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைத் தேக்கும் இதை, நட்டைத் தளர்த்திக் காற்றில் விட்டுவிடும் பழக்கம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லாதது. பேட்டரி இணைப்பைக் கழற்றுவது, பெல்ட்டை எடுப்பது, போல்ட்டுகளை விடுவிப்பது எல்லாம் வழக்கமான வேலைகளே.

கவனம் முழுவதும் தேவைப்பட்டது எண்ணெயில்தான். பழைய கம்ப்ரஸரைக் கவிழ்த்து, கையால் சுழற்றி, வடிந்ததை அளவுக் குவளையில் பிடித்தோம். அதில் ஒரு துளியை வெள்ளைத் தாளில் தேய்த்து வெயிலில் பார்த்தபோது நிறம் சற்று மங்கியிருந்ததே தவிர, மினுக்கும் உலோகத் துகள் எதுவும் இல்லை. துகள் தென்பட்டிருந்தால் குழாய்களைக் கழுவி, கூலிங் காயிலுக்குக் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வையும், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்ற நேர்ந்திருக்கும். இன்றைய கண்டென்சர்களின் மயிரிழைப் பாதைகளில் சிக்கிய துகளைக் கழுவி எடுப்பது நடவாத காரியம். புதிய கம்ப்ரஸர் முழு அமைப்புக்கும் போதுமான எண்ணெயோடு வந்ததால், மிகுதியை வடித்துவிட்டு, பழையதிலிருந்து வந்த அளவுக்குப் புதிய பிஏஜி 46 வகை எண்ணெயை மட்டும் உள்ளே விட்டுவைத்தோம். அமைப்பின் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றியதால் அதற்காகக் கையேடு சொல்லும் சில மில்லிலிட்டரையும் சேர்த்தோம். பிஏஜி எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. அதனால் மாசி மாதத்து உலர்ந்த நாளைத் தேர்ந்து, குழாய் வாய்களின் மூடிகளைக் கடைசி நொடி வரை கழற்றாமல் வைத்திருந்தோம். இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓரிங்குகள் அனைத்தும் புதியவை. ஒவ்வொன்றையும் அதே எண்ணெயில் நனைத்தே பொருத்தினோம்.

அமைப்பிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி வெளியேற்றும், அதாவது வேக்குவம் போடும் கட்டத்தில்தான் மலையின் உயரம் குறுக்கிடுகிறது. கடல் மட்டத்தில் முழு வெற்றிடத்துக்குக் கேஜ் முள் ஏறத்தாழ 30 பாதரச அங்குலத்தைக் காட்டும். சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் காற்றழுத்தமே குறைவு என்பதால் அதே வெற்றிடத்துக்கு முள் 24 அங்குலத்தைத் தாண்டாது. இதை அறியாதவர் பம்ப் பழுதென்றோ, எங்கோ கசிகிறதென்றோ எண்ணி இல்லாத குறையைத் தேடக்கூடும். குளிரும் ஒரு தடைதான்: உள்ளே தங்கிய நீர் 35 டிகிரியில் 56 மில்லிபார் அழுத்தத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும்; 15 டிகிரியிலோ 17 மில்லிபாருக்கு இறக்கியாக வேண்டும். ஆகவே எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பானெட்டுக்குள் சூடேற்றிய பிறகு பம்பைப் போட்டு, சமவெளியில் வழக்கமாக விடும் நேரத்தைவிடக் கூடுதலாக ஓட்டினோம். முள்ளை மட்டும் நம்பாமல், உண்மையான அழுத்தத்தைக் காட்டும் டிஜிட்டல் வேக்குவம் கேஜையும் இணைத்திருந்தோம். பம்பை நிறுத்திய பின் அரை மணி நேரம் அது அசையாமல் நின்றதைப் பார்த்த பிறகே எனக்கு நிம்மதி வந்தது.

கேஸை அழுத்தம் பார்த்து நிரப்பாமல், பானெட்டில் ஒட்டியிருந்த தாளில் குறித்திருந்த எடைக்குத் தராசில் வைத்து நிரப்பினோம். அதற்கு முன் கிளட்ச் இடைவெளியை, மெல்லிய தகடுகளைச் செருகி அளக்கும் ஃபீலர் கேஜால் அளந்து, கையேட்டு வரம்பான 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறுதி செய்தோம். கம்ப்ரஸரின் சிலிண்டருக்குள் தங்கிய எண்ணெய் தொடக்கத்திலேயே வால்வுகளை அடித்து முறித்துவிடாதபடி தண்டையும் கையால் பலமுறை சுழற்றினோம். எடை ஏன் முக்கியம் என்பது பிறகு தெளிவாகப் புரிந்தது. குன்னூரில் 17 டிகிரி காலையில் உயர்பக்க அழுத்தம், அதாவது கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் கேஸின் அழுத்தம், 110 பிஎஸ்ஐ அளவிலேயே நின்றது. அதே வண்டி, அதே கேஸுடன் மேட்டுப்பாளைய வெயிலில் 210ஐத் தொட்டது. மேலே முள்ளைப் பார்த்துக் "குறைகிறது" என்று கூடுதலாக ஏற்றியிருந்தால், கீழே இறங்கியதும் புதிய கம்ப்ரஸர் திணறியிருக்கும்.

மேட்டுப்பாளையத்தில் டாஷ்போர்டின் நடுக் காற்றுத் துளையில் செருகிய வெப்பமானி 8 டிகிரி காட்டியது. திரும்பி ஏறும்போது காட்டேரிக்கு அருகே மழையும் பனியும் சேர்ந்துகொண்டன. ஏசியையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டதும் கண்ணாடி கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தது. இப்போது வாரம் ஒருமுறை, குளிரடித்தாலும் பத்து நிமிடமாவது ஏசியை ஓடவிடுகிறோம். வைப்பருக்கு அடியிலுள்ள காற்று வாயில் சில்வர் ஓக் இலைகள் மக்கிக் கிடப்பதைச் சுத்தம் செய்து கேபின் ஃபில்டரை மாற்றுவதும், மழைக்கு முன்பு இணைப்புகளில் சோப்பு நுரை வைத்து ஒருமுறை கசிவு பார்ப்பதும் மீதமுள்ள வேலைகள்.