மார்வலெட்ஸ் குழுவின் இன்னொரு குரல்

மார்வலெட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் பாடகர் குழு என்றதும் பலருக்கு ‘ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்’ மட்டுமே நினைவுக்கு வருகிறது. 1961 டிசம்பரில் அமெரிக்காவின் பிரபலப் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலின் உச்சிக்கு ஏறி, மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்கு அந்த இடத்தை முதன்முதலில் பெற்றுத் தந்த பாடல் அது. மிச்சிகன் மாநிலத்தின் இங்க்ஸ்டர் நகரில், பள்ளிப் பாடகர் குழுவில் பழகிய பெண்கள் தொடங்கிய குழு. அந்தப் பாடலுக்கு டிரம்ஸ் வாசித்தவரோ, பின்னாளில் பாடகராகப் புகழ்பெற்ற மார்வின் கே. அந்தப் புகழ் பாடலுக்குத் தகும்தான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்பவர்கள் இந்தக் குழுவில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

அந்தப் பாடலில் முன்னின்று பாடுபவர் கிளாடிஸ் ஹார்ட்டன். கெஞ்சும்போதுகூட அதட்டுவது போலத் தொனிக்கும், ஓரத்தில் சற்றே கரகரக்கும் குரல் அவருடையது. குழுவின் இன்னொரு முன்னணிக் குரலான வாண்டா யங் இதற்கு நேர்மாறானவர். காதருகே வந்து பேசுகிறாரோ என்று எண்ணும்படி, குரலை உயர்த்தாமலே பாடுவார்.

இருவரையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டுமானால் 1963இல் வெளிவந்த ‘லாக்கிங் அப் மை ஹார்ட்’ இசைத்தட்டைத் தேடிப் பிடியுங்கள். முதல் பக்கத்தில் இருவரும் மாறி மாறிப் பாடுகிறார்கள். மறுபக்கத்தில் இருப்பது ‘ஃபாரெவர்’, வாண்டா பாடிய மெதுவான பாடல். வானொலியில் சிலர் இந்தப் பக்கத்தையும் சிலர் அந்தப் பக்கத்தையும் ஒலிபரப்ப, ஒன்று 44ஆம் இடத்தோடும் மற்றொன்று 78ஆம் இடத்தோடும் நின்றுபோயின. வணிகக் கணக்கில் அது இழப்பாக இருக்கலாம்; எனக்கோ ‘ஃபாரெவர்’தான் இந்தக் குழுவின் ஆகச் சிறந்த பாடல். பின்பாட்டுக்காரர்கள் மெல்லத் தாங்கிப் பிடிக்க, வாண்டா ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லையும் விட மனமில்லாமல் விடுவது போலப் பாடுகிறார். அந்தத் தயக்கத்துக்காகவே இதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

வாண்டாவின் குரலுக்கு எது பொருந்தும் என்பதை நன்றாக அறிந்திருந்தவர் மோட்டவுனின் பாடகரும் பாடலாசிரியருமான ஸ்மோக்கி ராபின்சன். அவர் எழுதித் தயாரித்த ‘தி ஹண்டர் கெட்ஸ் கேப்சர்டு பை தி கேம்’ 1967இல் 13ஆம் இடம் வரை சென்றது. ஆணைப் பிடிக்க வலை விரித்தவள் அதே வலையில் தானே சிக்கிக்கொள்ளும் கதை அது. தோற்றவளின் புலம்பலாக அல்லாமல், தோற்றதில் உள்ளூர மகிழ்பவளின் ஒப்புதலாகவே வாண்டா அதைப் பாடுகிறார். வேறொருவர் உரக்கப் பாடியிருந்தால் அந்த நுட்பம் போயிருக்கும்.

அதே ஆண்டு வந்த ‘வென் யூ ஆர் யங் அண்ட் இன் லவ்’ வான் மெக்காய் எழுதியது. ரூபி அண்ட் தி ரொமான்டிக்ஸ் குழு முன்பே பாடிய பாடல்தான் என்றாலும், பிரிட்டனில் மார்வலெட்ஸ் பெற்ற ஒரே வெற்றி இதுவே. கிளாடிஸ் விலகிய பிறகு வெளிவந்த ‘மை பேபி மஸ்ட் பி எ மெஜிஷியன்’ பாடலைக் கேட்பவர்கள் தொடக்கத்தைத் தவறவிட வேண்டாம்: டெம்ப்டேஷன்ஸ் குழுவின் மெல்வின் ஃபிராங்க்ளின் அடித்தொண்டையில் சில வரிகள் பேசி முடித்ததும், அந்தக் கனத்த குரலை ஒட்டியே வாண்டாவின் மெல்லிய குரல் நுழைகிறது.

வாண்டாவின் இன்னொரு முகத்தையும் விட்டுவிடக் கூடாது. 1965இல் வெளியான ‘ஐ வில் கீப் ஹோல்டிங் ஆன்’ 34ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஆனால் மறுத்துக்கொண்டே இருக்கும் ஒருவனை விடுவதில்லை என்று வாண்டா அடம்பிடிக்கும் வேகத்தில், போஸ்ட்மேன் பாடலின் கெஞ்சலே எனக்குச் சாதுவாகத் தெரிகிறது.