பட்டாளத்துக்குப் போன தாத்தாக்களின் பதிவுகளைத் தேடி எடுத்த விதம்

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டாம் உலகப் போருக்குப் போனவர்கள் மூன்று பேர். பெரிய தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை, சின்னத் தாத்தா கப்பற்படை, பங்காளி ஒருவர் பர்மாவிலிருந்து திரும்பவே இல்லை. "பர்மாவுக்குப் போனார்" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் தேட முடியாது. படை எண், அதாவது ஒவ்வொரு வீரருக்கும் கொடுத்த எண் வேண்டும்.

அது சில பதக்கங்களிலேயே இருக்கும். வட்டப் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். தயவுசெய்து புளி, சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள்; ஏற்கெனவே தேய்ந்த எழுத்து போயே போய்விடும். விளிம்பில் முகப்பவுடரை மெல்லத் தடவி, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் படிக்க வரும். ஒவ்வொரு எழுத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 3-ம் 8-ம் குழப்பும்.

சாப்பர்ஸ் பதிவுகள் பெங்களூருவில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பிடமும், மெட்ராஸ் ரெஜிமென்ட் பதிவுகள் நீலகிரி வெலிங்டனிலும் இருக்கின்றன. கடிதத்தில் எண், பதக்கத்தில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே பெயர், தகப்பனார் பெயர், ஊர், அன்றைய மாவட்டம் எழுத வேண்டும். தேனி, திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டம். விருதுநகர், சிவகங்கை ராமநாதபுரம் மாவட்டம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கட்டணம் 10 ரூபாய். நாங்கள் முதலில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பித் தவறு செய்தோம். அது மாநில அலுவலகங்களுக்குத்தான் செல்லும். மத்திய அரசுக்குப் போஸ்டல் ஆர்டர் வேண்டும்.

பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. "அழிக்கப்பட்டது" என்று பதில் வந்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். லாங் ரோல் என்ற பேரேடு நிரந்தரமாக வைக்கப்படுவது. அதில் உள்ள பதிவின் நகலைத் தனியாகக் கேளுங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம் என்று சில கட்டங்கள்தான். எங்களுக்கு அதுவே பெரிய சொத்து.

கப்பற்படை மாலுமிகளுக்கு எழுத வேண்டிய இடம் மும்பை மான்குர்டில் உள்ள பியூரோ ஆஃப் செய்லர்ஸ். இங்கே வீட்டுப் பேச்சை இன்னொரு முறை காதுகொடுத்துக் கேட்க வேண்டும். "கோதாவரியில் இருந்தார்" என்றால் ஆற்றங்கரை இல்லை. காவேரி, கோதாவரி, நர்மதா, ஜம்னா, சட்லெஜ் எல்லாம் போர்க்கப்பல்களின் பெயர்கள். "தல்வார்" என்பதோ கப்பலே இல்லை. கரையில் இருந்த பம்பாய் சிக்னல் பள்ளி. 1946 பிப்ரவரி 18-ல் மாலுமிகளின் வேலைநிறுத்தம் தொடங்கியது அங்கேதான். சென்னையில் "அடையாறு" என்பதும் அப்படியொரு கரைத்தளம்.

திரும்பாதவருக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம் போதும். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் அதில் உண்டு. நம்மவர்களின் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட வேண்டும். முதல் பெயர்க் கட்டத்தில் போட்டால் ஒன்றும் வராது. கூடுதல் தகவல் கட்டத்தில் மதுரைக்கு "மதுரா" என்ற பழைய எழுத்துக்கூட்டலைப் போட வேண்டும். ழகரம், இரட்டை எழுத்து, "ஐயா" விகுதி எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். எங்களுக்குப் பல தடவை தேடிய பிறகே கிடைத்தது. கல்லறை இல்லையென்று மனம் உடைய வேண்டாம். ரங்கூன் அருகே தௌக்யானில் உள்ள நினைவிடத் தூண்களில் ஏறக்குறைய 27,000 பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள். எங்கள் பங்காளியின் பெயரும் அங்கே இருக்கிறது, தகப்பனார் பெயரோடு பதிவில்.