மூன்று படங்களை மனப்பாடம் செய்துகொண்டு இந்தத் தேர்வுக்குப் போகாதீர்கள்

மேற்பரப்பு அறிவியல் தேர்வில் எனக்கு வந்த கேள்வி இது. மெக்னீசியம் ஆக்சைடு படிகத்தின் மேல் பல்லேடியத்தைப் படியவைத்து, வெப்பநிலை மாற மாற அங்கே உருவாகும் அணுக் கொத்துகளின் எண்ணிக்கையைப் போட்ட வரைபடம். சுமார் 200 கெல்வினிலிருந்து 600 வரை கோடு அப்படியே படுத்துக் கிடக்கிறது, ஏன்? நான் படித்துவிட்டுப் போனதோ ஒரு பரப்பின் மேல் படலம் வளரும் மூன்று வகைகளும் அவற்றின் படங்களும். வோல்மர்–வெபர் (படலமாகப் பரவாமல் தீவுகளாகக் குவியும் வகை) என்று எழுதி, தீவு தீவாக அழகாக வரைந்து வைத்துவிட்டு வந்தேன். கேட்டது அதுவே இல்லை.

தீவு ஏன் வருகிறது என்பதை ஒரே நாளில் முடித்துவிடலாம். பல்லேடியத்தின் மேற்பரப்பு ஆற்றல் (புதிதாக ஒரு பரப்பை உண்டாக்க ஆகும் ஆற்றல்) சதுர மீட்டருக்குச் சுமார் 2 ஜூல், அந்த ஆக்சைடுக்கு ஏறக்குறைய 1.2 தான். உலோகம் படலமாகப் பரவ வேண்டுமென்றால் ஒட்டும் ஆற்றல் உலோகத்துடையதைப் போல இரு மடங்கு, அதாவது 4 ஜூல் வேண்டும். அவ்வளவு பிடிப்பு அங்கே கிடையாது, அதனால் குவிகிறது.

நேரம் போட வேண்டியது அணு நடக்கும் கதைக்கு. வந்து விழும் அணு மேற்பரப்பில் கால்போன போக்கில் அலைகிறது, இன்னொரு அணுவைச் சந்தித்தால் கொத்துக்கு விதை விழுகிறது. சூடு ஏறினால் அது வெகுதூரம் போய் ஏற்கெனவே இருக்கும் கொத்தில் சேர்ந்துவிடும், ஆகவே கொத்துகள் குறையும். அணுக்கள் வந்து பொழியும் வேகத்தை 8 மடங்காக்கினால் கொத்துகள் 2 மடங்குதான் ஆகும், கனமூலக் கணக்கு. இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். (இரண்டு அணு சேர்ந்தாலே நிலைக்கும், பரப்பில் குறைகள் (படிக ஒழுங்கு கெட்ட இடங்கள்) இல்லை என்ற நிபந்தனைகளை எழுதாமல் விட்டால் மதிப்பெண் போச்சு.)

அப்படியானால் கோடு சரிய வேண்டுமே! அங்கேதான் விஷயம். இந்தப் படிகத்தில் விதை விழுவது சந்திப்பால் இல்லை, ஆக்சிஜன் விடுபட்ட இடம் மாதிரியான குறைகளில் அணு மாட்டிக்கொள்வதால். குறைகள் எத்தனை என்பது உலோகம் வருவதற்கு முன்பே முடிவாகிவிட்டது, சூடு கூடினாலும் எண்ணிக்கை நகராது. 200க்குக் கீழே அணு குறைவரை நடக்க முடியாமல் வழியிலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறது, 600க்கு மேலே குறையின் பிடியிலிருந்தே தப்பிவிடுகிறது. மறுபடி எழுதியபோது தீவுப் படம் எதுவும் வரையவில்லை, அந்தக் கோட்டைப் பென்சிலால் மூன்றாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் கீழே இரண்டு வரிதான்.